பாதி நாள் மதப் பாடமா? – கடிதம்

வணக்கம் சார்,

நான் நியூஜெர்சில இருக்கேன். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு 11 வயசு, யூதர்கள் நடத்துற டே ஸ்கூல்ல படிக்கிறா. கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ் எல்லாம் உண்டாம், ஆனா நாள்ல பாதி மதப் பாடமாம். இந்த வயசுல அவ்வளவு நேரம் மதப் பாடம்னா மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ண வைக்கிறதுதானே? குழந்தைங்க மூளைய இப்படிக் கட்டிப் போடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதி நாள்ங்கறது பல ஸ்கூல்ல கிட்டத்தட்ட சரிதான், மரபக் கண்டிப்பாக் கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் பிரிவு ஸ்கூல்னா நேரம் கூட இருக்கும், மத்த பிரிவு ஸ்கூல்ல குறையும். ஜெபம் மனப்பாடம் ஆயிடும், அதுவும் உண்மை. ஆனா அந்தப் பாதி நாள் முழுக்க மனப்பாடம்தான்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நாலாவது அஞ்சாவது வாக்குல, யூதர்களோட வேதமான தோராவ ராஷிங்கற அறிஞரோட உரைய வச்சுப் படிக்க ஆரம்பிப்பாங்க. ராஷி 1040ல பிரான்ஸ்ல த்ருவாங்கற ஊர்ல பிறந்தவர். அவர் உரை ரொம்பச் சுருக்கம், பல இடத்துல பதில் மட்டும்தான் இருக்கும், என்ன கேள்விக்கு அந்தப் பதில்னு எழுதியிருக்க மாட்டார். அதனால டீச்சர் பிள்ளைங்ககிட்ட கேக்குறது, "இந்த வரில ராஷிக்கு என்ன உறுத்துது?" பதில் கையில இருக்கு, கேள்விய நீ கண்டுபிடி. பத்து வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல. அதுவும் அந்த ஹீப்ரு உரை தனி எழுத்துல, உயிர் ஒலியக் காட்டுற குறி இல்லாம அச்சாகியிருக்கும், ராஷியே அந்த எழுத்துல எழுதினது கிடையாது, அவருக்கு நானூறு வருஷம் கழிச்சு வந்த அச்சுக்காரங்க உரையத் தனியாக் காட்ட வச்ச எழுத்து அது.

அடுத்தது மிஷ்னா, கி.பி. 200 வாக்குல தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பு. அஞ்சாவது ஆறாவதுல பல ஸ்கூல்ல எடுக்குற பாடம் என்ன தெரியுமா, தெருவுல கிடந்த பொருள எடுத்தா அது யாருக்குங்கறது. சிதறிக் கிடந்த காசு எடுத்தவனுக்கு, பையோட கிடந்தா ஊரறியச் சொல்லி உடையவனத் தேடணும். பேக்கரி ரொட்டி எடுத்தவனுக்கு, வீட்ல சுட்ட ரொட்டின்னா தேடணும். ஏன்? பேக்கரி ரொட்டி எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கும், வீட்டு ரொட்டிய அத சுட்டவங்க அடையாளம் சொல்லிருவாங்க. இந்த "ஏன்" புக்குல இருக்காது, பிள்ளைங்கதான் சொல்லணும்.

அதுக்கப்புறம் அதே விஷயத்த தல்முத்துல, அதாவது மிஷ்னாவ வச்சு அறிஞர்கள் பண்ணின வாதங்களோட தொகுப்புல, அராமிக்ங்கற பழைய மொழில படிக்கும்போது வாதம் சூடு பிடிக்கும். அடையாளம் இல்லாத பொருள்ல, தொலைச்சவன் "போனது போச்சு"ன்னு மனசு விட்டுட்டா எடுத்தவன் வச்சுக்கலாம். சரி, தொலைஞ்சதே அவனுக்கு இன்னும் தெரியலன்னா? தெரிஞ்சா கண்டிப்பா விட்டிருப்பான், அதனால இப்பவே விட்ட மாதிரிதான்னு ராவாங்கற அறிஞர் சொல்றார். தெரியாம எப்படி விடுவான், அது செல்லாதுன்னு அபயேங்கற இன்னொரு அறிஞர் சொல்றார். அப்ப சிதறின காச எப்படி வச்சுக்க விட்டீங்கன்னு அபயேகிட்ட எதிர்க்கேள்வி வருது, அதுக்குப் பதில், மனுஷன் தன் காசுப்பைய அடிக்கடி தடவிப் பாத்துக்கிட்டே இருப்பான், அதனால விழுந்தது உடனே தெரிஞ்சிருக்கும். இந்த வரிய முதல்ல படிச்சப்ப என் கை தானா என் சட்டப்பைக்குப் போச்சு.

ஒரு நண்பர் வீட்ல அவர் பையனும் கூடப் படிக்கிறவனும் இதப் படிச்சத நான் பக்கத்துல இருந்து பாத்தேன், ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து படிக்கிறதுக்கு ஹவ்ருதான்னு பேரு, ஒருத்தன் ராவா கட்சி, இன்னொருத்தன் அபயே கட்சி, அரை மணி நேரம் ஒரே சத்தம், யாரும் அவங்கள அடக்கல. கடைசில சட்டம் அபயே பக்கம்தான் நின்னுச்சு, ஆனா ராவா சொன்னத புக்குல இருந்து தூக்கல, தோத்த வாதத்தையும் பிள்ளைங்க அதே அக்கறையோட படிக்கணும்.

மதப் பாடத்துல தொலைஞ்ச பர்ஸுக்கு என்ன வேலைன்னு உங்களுக்குத் தோணலாம். பொண்ணுங்களுக்கு 12 வயசு, பசங்களுக்கு 13 ஆனா கட்டளைகள் எல்லாத்துக்கும் அவங்களே பொறுப்பு. தொலைஞ்சத திருப்பிக் குடுக்குறது தோராவுல இருக்குற கட்டளை, சாப்பாட்டு விதி, சப்பாத்ங்கற வார ஓய்வு நாள் மாதிரி அதுவும் ஒண்ணு. உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு.

குறையே இல்லைன்னு நான் சொல்ல வரல. நாள் ரொம்ப நீளம், பிள்ளைங்க களைச்சுப் போறாங்க. சில ஆர்த்தடாக்ஸ் ஸ்கூல்கள்ல தல்முத் பசங்களுக்கு மட்டும்தான், பொண்ணுங்களுக்குக் கிடையாது, அது எனக்கு மனசுக்கு ஒப்பல, இவ்வளவு நல்ல படிப்ப பாதிப் பேருக்குக் குடுக்காம வைக்கிறது அநியாயம்.

அந்தப் பொண்ண ஒரு நாள் வாசல்ல பாத்தா கேளுங்க, பேர் எழுதாத குடை ஒண்ணு ரோட்டுல கிடக்கு, உடையவருக்கு விழுந்ததே தெரியாது, எடுத்துக்கலாமான்னு. அவ சொல்றத முழுசாக் கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.