பரிட்டியைத் தொடமுதல் கேபிளைப் பாருங்கள்: வீட்டுச் சேர்வர் கேள்வி பதில்

மாரி தொடங்கிவிட்டது, கரண்ட் போய்ப் போய் வருகிறது, கேள்விகளும் குவிந்துவிட்டன. டிஸ்க், கேபிள், பரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைக் கணக்குப் போட்டு மீட்க உதவும் தனி டிஸ்க்) பற்றிக் கேளுங்கள். சிசிடிவி பாஸ்வேர்டும் விண்டோஸ் லைசன்ஸும் என் துறை அல்ல. கேள்வியோடு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் தாருங்கள். அது இல்லாமல் சொல்லும் பதில் குருட்டு வைத்தியம். கேட்டவரின் ஊரே பெயராக நிற்கிறது.

உப்புவெளி: அண்ணா, அன்ரெய்ட் சேர்வர் மென்பொருளில மூன்றாவது டிஸ்க்குக்குப் பக்கத்தில சிவப்புப் பெருக்கல் குறி வந்திட்டுது. 4 டெராபைட். கடையில புதுசு வாங்கச் சொல்லுறாங்க. வாங்கவா?

பதில்: பொறுங்கள் தம்பி. அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான்: டிஸ்க்கில் எழுதப் போனபோது எழுத்து ஏறவில்லை, அதனால் அன்ரெய்ட் அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. இப்போது உங்கள் கோப்புகள் திறப்பது பரிட்டியும் மற்ற டிஸ்க்குகளும் சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பதால்.

ரீஸ்டார்ட் பண்ணமுதல் டயக்னொஸ்டிக்ஸ் கோப்பை இறக்குங்கள். நடந்ததைப் பதியும் லொக் ரேமில்தான் இருக்கிறது, ரீஸ்டார்ட் பண்ணினால் ஆதாரம் போய்விடும். பிறகு ஸ்மார்ட் பட்டியலில் நாலு எண்களைப் பாருங்கள். 5 என்பது பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு). 197 வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். 198 சோதனையில் வாசிக்கவே முடியாமல் போனது. 197, 198 பூச்சியம் இல்லை என்றால், அல்லது 5 வாராவாரம் ஏறுகிறது என்றால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். இந்த மூன்றும் பூச்சியமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் குற்றம் டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் டேட்டா சிதைகிறது: கேபிள், பிளக், போர்ட்.

கடற்கரையோரம் இது சாதாரணம். மெஷினை நிறுத்தி, கேபிளைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். தங்க நிறத் தகடுகளில் மங்கலாகவோ பச்சையாகவோ புள்ளி தெரிந்தால் அது உப்புக் காற்றின் வேலை. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடைத்து, காய விட்டு, புதுக் கேபிளை வேறு போர்ட்டில் மாட்டுங்கள். அழிறப்பரால் தேய்க்க வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். 199 ஒருபோதும் குறையாது. 147 இல் நின்று ஒரு மாதம் கழித்தும் 147 என்றால் தீர்ந்தது.

அடுத்தது நீண்ட ஸ்மார்ட் டெஸ்ட், அது ஓடும்வரை, சும்மா இருக்கும் டிஸ்க்கைச் சுற்றாமல் நிறுத்தும் ஸ்பின் டவுனை அணைத்து வையுங்கள். தேறினால் எரேயை (டிஸ்க்குகளின் கூட்டை) நிறுத்தி, அந்த டிஸ்க்கை ஒதுக்கீட்டிலிருந்து எடுத்து, எரேயை ஒருமுறை தொடங்கி நிறுத்தி, அதே இடத்தில் திரும்பப் போட்டுத் தொடங்குங்கள். மீள்கட்டுமானம் (ரீபில்ட்) ஓடும். சராசரி 130 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டுக்கு எட்டரை மணித்தியாலம் பிடிக்கும். தொடங்கமுதல், கணக்கில் தெரியும் டிஸ்க்கின் கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே தெரிவதுதான் டிஸ்க்கில் எழுதப்படும்.

கிண்ணியா: நானா, அதே சிவப்புக் குறிதான், ஆனா "அன்மவுண்டபிள்" (திறக்க ஏலாது) எண்டும் காட்டுது. கீழ ஃபோர்மட் பட்டனும் இருக்கு. அதை அழுத்திட்டு ரீபில்ட் பண்ணினா டேட்டா வருமா?

பதில்: வராது. கையை எடுங்கள். ஃபோர்மட் என்பதும் டிஸ்க்கில் எழுதும் வேலைதான். அதை அழுத்தினால் பரிட்டியும் அந்த வெறும் டிஸ்க்குக்கு ஏற்ப மாறிவிடும், பிறகு ரீபில்ட் பண்ணினால் வெறும் டிஸ்க்தான் மிகச் சரியாகத் திரும்பி வரும். எரேயை மெயின்டனன்ஸ் மோடில் (கோப்புகளைத் திறக்காத நிலையில்) தொடங்குங்கள். டிஸ்க்கின் பெயரை அழுத்தி, எக்ஸ்எஃப்எஸ் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) சோதனையை முதலில் 'என்' தெரிவோடு ஓட்டுங்கள், அது பார்க்க மட்டும் செய்யும். பிறகு அந்தத் தெரிவை எடுத்துவிட்டு ஓட்டினால் திருத்தும். எக்ஸ்எஃப்எஸ்ஸின் சொந்த லொக்கை அழிக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் பெரிய 'எல்' தெரிவு. கடைசியாக எழுதப்பட்டவை சில போகலாம், மற்றவை நிற்கும்.

பாலையூற்று: ரெண்டு பரிட்டி டிஸ்க் போட்டிருக்கிறன். இனி பேக்கப் தேவையில்லைத்தானே?

பதில்: தேவை. பிள்ளை தவறுதலாக அழித்தால் பரிட்டியும் கூடவே அழிக்கும். இடி விழுந்தால் எல்லா டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள். ஒரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.

சீனக்குடா: ஒவ்வொரு பரிட்டி செக்கிலும் (பரிட்டிக் கணக்கு ஒத்துவருதா எண்டு பார்க்கிற சோதனை) பிழை வருது. போன மாதம் 12, இந்த மாதம் 31. திருத்தச் சொல்லித்தான் ஓட்டுறன்.

பதில்: திருத்துவதை நிறுத்துங்கள். அடுத்த இரண்டு செக்கையும் எழுதாமல் ஓட்டி, லொக்கில் வரும் செக்டர் எண்களை ஒப்பிடுங்கள். இரண்டிலும் வேறு வேறு எண்கள் என்றால் முதல் சந்தேகம் ரேம்: பயோஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டைக் குறைந்தது நாலு சுற்று ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் சேர்வருக்கு ஆகாது. ரேம் தேறினால் டிஸ்க்குகளை மாட்டும் சாட்டா கார்ட்டைப் பாருங்கள்.

தம்பலகாமம்: அண்ணன் சொல்றது சரியில்லை. பிழை இருக்கெண்டு தெரிஞ்சும் எழுதாம விட்டா, டிஸ்க் போற அண்டைக்குப் பிழையான பரிட்டிதானே கையில இருக்கும்? நான் மாதாமாதம் திருத்தியேதான் ஓட்டுறன்.

பதில்: ஒரே ஒரு பிட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று டிஸ்க்கில் 1, 0, 1. ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக வரவேண்டும் என்பதால் பரிட்டி 0. இப்போது ரேம் பழுதால் இரண்டாவது டிஸ்க்கின் 0, 1 என்று வாசிக்கப்படுகிறது. மொத்தம் மூன்று ஒன்றுகள், பரிட்டி 1 ஆக இருக்க வேண்டும் என்று சேர்வர் நினைத்து அதையே எழுதிவிடுகிறது. டிஸ்க்கில் இருப்பது இன்னும் 0 தான். அடுத்த வாரம் முதலாவது டிஸ்க் போகிறது. மிச்சம் 0, 1, பரிட்டி 1. கணக்குப்படி முதலாவதில் 0 வரும். இருந்ததோ 1. நல்ல பரிட்டியை நீங்களே கெடுத்திருக்கிறீர்கள், கோப்பும் சத்தமில்லாமல் கெட்டுவிட்டது. எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று பரிட்டிக்குத் தெரியாது, கணக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும்தான் தெரியும்.

தம்பலகாமம்: அப்ப கரண்ட் போய் மெஷின் சட்டென்று நிண்டா?

பதில்: அந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. டேட்டா எழுதப்பட்டு பரிட்டி எழுதப்படமுதல் கரண்ட் போனால் சில பிழைகள் வரும், காரணமும் தெரியும். ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் திருத்துங்கள். மாதாந்தச் செக் மட்டும் எழுதாமலே ஓடட்டும்.

நிலாவெளி: இசட்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைக்கு மாறினால் இந்தச் சண்டையே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) இருக்கு, எது பிழை என்று அதுவே சொல்லும்.

பதில்: உண்மை. ஸ்க்ரப் (எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்க்கும் சோதனை) ஓடும்போது பிழையான துண்டைக் கண்டு நல்லதிலிருந்து திருத்தும். ஆனால் இங்கே பலரிடம் இருப்பது 2, 4, 8 டெராபைட் என்று அகப்பட்ட டிஸ்க்குகள். இசட்எஃப்எஸ்ஸின் பரிட்டி முறையான ரெய்ட்இசட்டில் எல்லாமே மிகச் சிறிய டிஸ்க்கின் அளவாகவே எண்ணப்படும். பரிட்டி தாங்குவதைவிட ஒரு டிஸ்க் கூடப் போனால் முழுப் பூலும் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த தொகுதி) போகும். அன்ரெய்டில் மிச்ச டிஸ்க்குகளைத் தனித்தனியாக வாசிக்கலாம். செக்சம் வேண்டும், அளவும் கலப்பு என்றால் ஸ்னாப்ரெய்ட் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதில் சிங்க் (பரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுக்கமுதல் எப்போதும் டிஃப் (மாறியதைக் காட்டும் கட்டளை). நூறு கோப்பு அழிந்ததாக டிஃப் காட்டும்போது சிங்க் கொடுத்தால் மீட்க வழியில்லை.

மூதூர்: சிவப்புக் குறி வந்திருக்கு, புது டிஸ்க் வாங்கவா?

பதில்: உப்புவெளித் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

டைக் வீதி: 199 இல 12 காட்டுது, டிஸ்க் போகப் போகுதா?

பதில்: கேபிள். முதல் பதிலிலேயே இருக்கிறது. தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

குச்சவெளி: யூஎஸ்பி டிஸ்க் பெட்டியைப் பிரிச்சு எடுத்த 8 டெராபைட் டிஸ்க், சேர்வரில சுத்தவே இல்லை.

பதில்: அதன் பவர் பிளக்கில் டேட்டா பக்கமிருந்து எண்ணி மூன்றாவது தகட்டில் 3.3 வோல்ட் வந்தால், நிறுத்தச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும் டிஸ்க் அது. அந்தத் தகட்டின்மேல் மின் கடத்தாத கப்டன் டேப்பை ஒட்டினால் சுற்றும். மோலெக்ஸ் என்ற பழைய வகைப் பவர் பிளக்கிலிருந்து எடுக்கும் மாற்றியைப் போட்டாலும் சுற்றும், ஆனால் வார்ப்புப் பிளாஸ்டிக்கில் வயரை மூடிச் செய்த மாற்றி வேண்டாம். உள்ளே வயர்கள் நெருங்கித் தொட்டு எரிந்த சம்பவங்கள் உண்டு. வயர் தனித்தனியாகத் தெரியும் வகையை வாங்குங்கள். டிஸ்க்கை ஜன்னலோரம் வைக்கவும் வேண்டாம், காற்றோடு உப்பும் வரும்.

ஓர்ஸ் ஹில்: டிஸ்க் டக் டக் எண்டு அடிக்குது, கலியாணப் படங்கள் அதிலதான்.

பதில்: இப்போதே அணையுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். டேட்டா மீட்கும் ஆய்வுகூடத்திடம் கொடுங்கள், வேறு எதுவும் செய்து பார்க்காதீர்கள்.

அன்புவழிபுரம்: நான் மேலே எல்லாம் வாசிச்சிட்டன். எனக்கு ஒரு டிஸ்க் சிவப்பு, அதே நிமிடத்தில இன்னொண்டில ரீட் எரர் ஏறுது. பரிட்டி ஒண்டுதான்.

பதில்: வாசித்துவிட்டு வந்ததற்கு நன்றி. ஒரே நிமிடத்தில் இரண்டு டிஸ்க் சாவது மிக அரிது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேடுங்கள்: ஒரே பவர் பிரிப்பான், ஒரே சாட்டா கார்ட், ஃபேன் இல்லாமல் சூடேறிய எச்பிஏ (பல டிஸ்க்குகளை மாட்டும் கார்ட்). ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 12 வோல்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும், ஒரு பிரிப்பானில் நாலு தொங்கினால் வோல்டேஜ் சரியும். டயக்னொஸ்டிக்ஸை எடுத்து, மெஷினை நிறுத்தி, அந்த இரண்டையும் பவர் சப்ளையின் வேறு வேறு வயரில் மாட்டுங்கள். அதுவரை ரீபில்ட் வேண்டாம், நியூ கொன்ஃபிக் (டிஸ்க் ஒதுக்கீட்டைப் புதிதாகத் தொடங்குவது) வேண்டாம். இரண்டின் ஸ்மார்ட் அறிக்கையையும் தாருங்கள், இன்றிரவே பார்க்கிறேன்.