சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கொசுவுக்கு எதைப் பயன்படுத்துவது நல்லது?

ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, சுருளா, லிக்விடா, களிம்பா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். ஐப்பசியில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது பொழுது சாய்ந்தால் வாசலில் உட்கார முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், பையனுக்கு அப்போது இரண்டு வயது, சுருளுக்குக் கொசு அடங்கவில்லை என்று கடையில் ஒரு கொசு ஊதுபத்தி வாங்கிவந்தேன். அட்டையில் அரசுப் பதிவு எண் எதுவும் இல்லை, அதைப் பார்க்க வேண்டும் என்றே அப்போது எனக்குத் தெரியாது. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கொசு பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். நாலாம் நாள் ராத்திரி பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. நெபுலைசர் வைத்த டாக்டர் முதலில் கேட்டதே "வீட்ல என்ன கொளுத்துறீங்க?" என்றுதான்.

அந்தக் காலத்தில் வேப்பிலைப் புகை போடவில்லையா என்று யாராவது கேட்பீர்கள். போட்டார்கள், திண்ணையில், காற்றோட்டத்தில். சாத்திய அறையில் எந்தப் புகையும் நுரையீரலுக்குத்தான் போகும். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று, சீன, மலேசியச் சுருள்களை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இப்போது ராத்திரிக்குக் கொசுவலை மட்டும்தான், நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிடுவேன். டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதற்கு ராத்திரி வலை உதவாது, வெளியே விடும்போது 12 சதவீத டைஎத்தில் பென்சமைடு என்ற கொசு விரட்டி மருந்து உள்ள களிம்பைக் கை காலில் தடவுகிறேன். உங்கள் பிள்ளைக்கு வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பாருங்கள், உள்ளங்கையில் பூசவே பூசாதீர்கள், வாயில் வைத்துவிடும். இயற்கையானது என்று லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் வாங்கப் போகாதீர்கள், மூன்று வயதுக்குள் அது ஆகாது. லிக்விட் கூடாது என்று நான் சொல்லவில்லை, இழுப்பு இல்லாத பிள்ளை என்றால் ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள்.

அப்புறம் வாரம் ஒருமுறை தண்ணீர் டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள், கொட்டாங்கச்சி, டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும்.

ஆனால் ராத்திரிக் கொசுவுக்கு நாம் மட்டும் என்ன செய்வது? எங்கள் கொல்லைக்குப் பின்னால் போகும் வாய்க்காலில் தண்ணீரே தெரியாத அளவுக்கு வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, தெருச் சாக்கடையும் அதில்தான் விழுகிறது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரியாகிவிட்டது என்றார்கள், மண்வெட்டி பட்ட தடம்கூட அங்கே இல்லை. மூன்று மனு கொடுத்துவிட்டேன். தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் புகை மருந்து வண்டி வருகிறது.