செஸ் கம்ப்யூட்டர்: எந்த லெவலில் ஆட விடுவது?

கேள்வி: என் சித்தப்பா வெளிநாட்டில் இருந்து வந்தபோது, பழைய எலக்ட்ரானிக் செஸ் கம்ப்யூட்டர் (பலகையில் காயை அழுத்தி மெஷினோடு ஆடும் பெட்டி) ஒன்றை என் பத்து வயது மகளுக்குக் கொடுத்தார். கையேடு இல்லை. முதல் சில லெவல்களில் அது ராணியைச் சும்மா கொடுத்துவிடுகிறது, இவள் எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்கிறாள். கொஞ்சம் ஏற்றி வைத்தால் இருபது மூவுக்குள் அடித்துப் போட்டுவிடுகிறது, இவள் அழுகிறாள். நடுவில் ஒரு லெவல் கிடையாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பல வீடுகளில் இந்தப் பெட்டி அலமாரிக்கு மேலே போய்விடுவதற்கு இதுதான் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லெவல் எல்லாம் ஒரே ஏணியின் படிகள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று வகை லெவல்கள் இருக்கும். கீழே உள்ள சில, புதிதாகக் கற்பவர்களுக்காக வைத்தவை, அங்கே மெஷின் வேண்டுமென்றே தப்பு செய்யும். அதற்கு மேலே வருபவை நேரக் கணக்கு: ஒரு மூவுக்குச் சராசரியாக 1 நொடி, 5 நொடி, 30 நொடி என்று போய், 40 மூவுக்கு 2 மணி நேரம், அதாவது மூவுக்கு 3 நிமிடம் என்ற போட்டிக் கணக்கு வரை இருக்கும். இங்கே அது எதையும் விட்டுக்கொடுக்காது. உங்கள் மகள் ஜெயித்தது முதல் வகையில், தோற்றது இரண்டாவது வகையில். எத்தனை லெவல் இருக்கிறது என்பது ஆரம்பத்தில் இருந்தே விளம்பரத்துக்கு உதவிய விஷயம். 1977ல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் கொண்டுவந்த செஸ் சேலஞ்சரில் ஒரே ஒரு லெவல்தான், அப்புறம் வந்தவற்றுக்கு செஸ் சேலஞ்சர் 3, செஸ் சேலஞ்சர் 10 என்று லெவல் எண்ணிக்கையையே பெயராக வைத்தார்கள்.

தப்பு செய்கிற லெவல்களில் குழந்தையை அதிக நாள் ஆட விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. எதிராளி தானாகக் காயைத் தூக்கிக் கொடுப்பான் என்று காத்திருக்கும் பழக்கம் வந்துவிடும். பள்ளிப் போட்டியில் எதிரே உட்காருகிற பிள்ளை அப்படிக் கொடுக்காது.

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். மூவுக்கு 1 நொடியோ 5 நொடியோ உள்ள லெவலை வையுங்கள். பிறகு பொசிஷன் அல்லது செட்அப் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தி, மெஷின் பக்கத்து ராணியைப் பலகையில் இருந்து எடுத்துவிட்டு (பல மாடல்களில் காயை அதன் கட்டத்தில் ஒரு தடவை அழுத்தி எடுத்தாலே போதும்) ஆட்டத்தைத் தொடங்குங்கள். ராணி இல்லாத மெஷின் இருக்கிற காய்களை வைத்து ஒழுங்காகத்தான் ஆடும், தப்பு செய்தால் தண்டிக்கும், ஆனாலும் உங்கள் மகளுக்கு ஜெயிக்க வழி இருக்கும். நாலில் மூன்று ஆட்டம் ஜெயிக்க ஆரம்பித்ததும் ராணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ராணிப் பக்கத்து யானையை எடுங்கள். அப்புறம் ஒரு குதிரை. அப்புறம் இரண்டு சிப்பாய். நூற்றாண்டுகளாக வலிமையான ஆட்டக்காரர்கள் எளியவர்களோடு இப்படிக் காய் விட்டுக்கொடுத்துத்தான் ஆடி வந்திருக்கிறார்கள்.

ஆடிய மூவைத் திருப்பி எடுக்கும் டேக் பேக் பட்டனுக்கு மட்டும் வீட்டில் ஒரு விதி போடுங்கள்: ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை, அதுவும் தப்பு எது என்று அவள் வாயால் சொன்ன பிறகு.

கேள்வி: முதல் ஏழெட்டு மூவைக் கண் இமைப்பதற்குள் ஆடிவிடுகிறது. பிறகு திடீரென்று நேரம் எடுக்கிறது, நடுவில் மறுபடி சில மூவ் உடனே வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நன்றாகத்தான் இருக்கிறது. தொடக்கத்தில் அது யோசிப்பதே இல்லை, உள்ளே சேமித்து வைத்த ஓப்பனிங் புக்கில் (ஆட்டத் தொடக்க மூவ்களின் தொகுப்பு) இருந்து எடுத்து ஆடுகிறது. நீங்கள் புத்தகத்தில் இல்லாத மூவ் ஆடியதும் கணக்குப் போட ஆரம்பிக்கும். சராசரியாக ஒரு நிலையில் முப்பதுக்கும் மேல் விதிப்படியான மூவ்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் பார்த்தாலே ஆயிரத்தைத் தாண்டும், அதற்கும் பதில் என்றால் பல்லாயிரம். தேவையில்லாத கிளைகளை வெட்டிவிட்டுத்தான் தேடும், அப்படியும் இன்னும் ஒரு மூவ் ஆழம் பார்க்கப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

நடுவில் உடனே பதில் வருவதற்குக் காரணம் வேறு. நீங்கள் யோசிக்கும் நேரத்திலும் அது சும்மா இருப்பதில்லை. நீங்கள் ஆடப்போவதை ஊகித்து, அதற்குப் பதிலையும் தேடி வைத்துக்கொள்கிறது. ஊகம் சரியாக இருந்தால் பதில் தயார். சில மாடல்களில் இதை நிறுத்த ஈஸி என்ற பெயரில் ஒரு ஆப்ஷன் உண்டு. நேரம் பார்த்து ஆடும் லெவலில் அதை நிறுத்தினாலே மெஷின் கொஞ்சம் இளகும். புக்கையும் நிறுத்தலாம், ஆனால் ஓப்பனிங் கற்றுக்கொள்பவர்கள் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 0.35, -1.20 என்று எண்கள் வருகின்றன. மைனஸ் வந்தால் தோல்வியா?
- ஒரு மாணவர், மதுரை

பதில்: ஒரு சிப்பாயின் மதிப்பு 1 என்று வைத்துச் சொல்லும் கணக்கு அது. 0.35 என்றால் ஒரு சிப்பாயின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு பக்கம் மேல், அவ்வளவுதான், மனிதர்கள் ஆடும்போது அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. 3 என்றால் கிட்டத்தட்ட ஒரு குதிரை. மைனஸ் யாருக்கு என்பதுதான் சிக்கல்: சில மெஷின்கள் தன் பக்கத்தில் இருந்து சொல்லும், சில எப்போதும் வெள்ளையின் பக்கத்தில் இருந்து சொல்லும். மெஷினுக்குக் கறுப்பைக் கொடுத்து, அதன் ராணியை எடுத்துவிட்டு, அது ஒரு மூவ் யோசித்ததும் பாருங்கள். பெரிய மைனஸ் வந்தால் தன் பக்கத்துக் கணக்கு, பெரிய பிளஸ் வந்தால் வெள்ளையின் கணக்கு. ஆட்டம் நடக்கும்போது இந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். முடிந்த பிறகு டேக் பேக் அழுத்திப் பின்னால் போய், எண் சட்டென்று மாறிய இடத்தில் நிறுத்தி, இன்ஃபினிட் லெவலில் போட்டு யோசிக்க விடுங்கள். நீங்கள் நிறுத்தும்வரை அது தேடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்தால் பீப் சத்தம் போட்டு மறுக்கிறது.
- ஒரு வாசகர், சேலம்

பதில்: ராஜாவை முதலில் அழுத்தி இரண்டு கட்டம் நகர்த்துங்கள், பிறகுதான் யானை. யானையைத் தொட்டு ஆரம்பித்தால் அதை யானை மூவாகவே எடுத்துக்கொள்ளும். ‘என் பாசான்’ முறையில் (இரண்டு கட்டம் தாண்டிப் பக்கத்தில் வந்து நின்ற எதிராளிச் சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல் வெட்டுவது) சிப்பாயை வெட்டும்போது, வெட்டுப்பட்ட சிப்பாய் இருந்த கட்டத்தையும் பல பலகைகளில் அழுத்த வேண்டியிருக்கும். அப்படியும் மறுத்தால் வெரிஃபை பட்டனில் ஒவ்வொரு காயும் எங்கே இருப்பதாக மெஷின் நினைக்கிறது என்று சரிபாருங்கள், பூனையோ குழந்தையோ ஒரு காயைத் தள்ளி வைத்திருக்கலாம்.

கேள்வி: அடாப்டர் தொலைந்துவிட்டது. வீட்டில் இருக்கும் எதையாவது போடலாமா?
- அதே சேலம் வாசகர்

பதில்: போடாதீர்கள். வோல்ட் ஒன்றாக இருந்தாலும், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது மாறினால் உள்ளே எரிந்துவிடும். பெட்டியின் அடியில் சின்ன வட்டப் படம் போட்டு அதைக் காட்டியிருப்பார்கள். படம் அழிந்திருந்தால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், மாதக்கணக்கில் ஆடாமல் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பாதி ஆட்டம் நினைவில் இருந்து போய்விடலாம் என்பதால், கழற்றும் முன் நிலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.