இன்டெல் கணினிக்கு வந்த பழைய கேமை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்ட முடியுமா? ரொம்ப மெதுவாக இருக்குமா?

ஓடும். நீங்கள் பயப்படும் அளவுக்கு மெதுவாகவும் இருக்காது. என்னைப் படுத்தியது வேகம் இல்லை, வேறு இரண்டு விஷயங்கள்.

நான் திருப்பூர்க்காரன். எனக்கு இது பனியன் கம்பெனியை வைத்துத்தான் புரிந்தது. பவர் டேபிளில் உட்காரும் ஒடிசாக்காரருக்குத் தமிழ் தெரியாது. சூப்பர்வைசர் சொல்வதை ஒவ்வொரு பீசுக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எத்தனை பீஸ் இறங்கும்? ஒரே தடவை இந்தியில் எழுதி மிஷின் மேல் ஒட்டிவிட்டால் அவர் பாட்டுக்குத் தைத்துத் தள்ளுவார். பாக்ஸ்64 என்ற மென்பொருள் செய்வது அந்த ஒட்டுகிற வேலையை. இன்டெல் சிப்புக்கான எக்ஸ்86 மொழியில் இருக்கும் கேமின் கட்டளைகளைத் துண்டு துண்டாக, பையின் சிப்புக்குப் புரியும் ஏஆர்எம் கட்டளைகளாக்கி மெமரியில் வைத்துக்கொள்ளும். அதே துண்டு மறுபடி வந்தால் மாற்றும் வேலை மிச்சம்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. படம் வரைவது போன்ற வேலைகளுக்கு கேம்கள் கூப்பிடும் ஓபன்ஜிஎல், எஸ்டிஎல் மாதிரியான லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) அது மாற்றுவதே இல்லை. கேம் படம் வரையச் சொன்னால், பையில் ஏற்கெனவே இருக்கும் ஏஆர்எம் லைப்ரரியிடம் தள்ளிவிடும். இதற்குப் பதிலாக, கியூஎமு என்ற மென்பொருளில் ஒரு முழு கணினியையே போலியாக நிறுத்தி அதற்குள் கேமை ஓட்டினால் நத்தைதான்.

சரி, படுத்திய கதைக்கு வருகிறேன். பவானியிலிருந்து லீவுக்கு வந்த சித்தி பையன், "ஏனுங்ண்ணா, எங்கூட்டு கம்ப்யூட்டர்ல ஓடுன கேமு இதுல ஓடுங்களா?" என்றான். அது விண்டோஸ் கேம், பையில் இருப்பது லினக்ஸ். அதனால் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருளும் வேண்டும். பை 5-ல் வைனே கிளம்பவில்லை. பை 5-ன் வழக்கமான கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரியை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. எக்ஸ்86 உலகமோ 4 கேபியை நம்பி எழுதப்பட்டது. பூட் கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து 4 கேபி கெர்னலுக்கு மாறினேன், கிளம்பிவிட்டது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது வேறு விஷயம்.

அப்புறம் கேம் நினைத்த இடத்தில் உறைந்தது. பீஸைக் கூடையில் போட்டுவிட்டு "ஆச்சு" என்று குரல் கொடுத்தால், எக்ஸ்86-ல் பக்கத்து ஆளுக்கும் அதே வரிசையில்தான் தெரியும். ஏஆர்எம்மில் குரல் முன்னால் போய்விடலாம், கூடை காலியாக இருக்கும். இந்த இரண்டு ஆட்கள் மாதிரி, ஒரே நேரத்தில் இரண்டு திரெட் (தனித்தனி வேலை ஓட்டம்) ஓடும் கேமில் இது வினை. பாக்ஸ்64-ல் இந்த வரிசையைக் காக்கச் சொல்லும் ஸ்ட்ராங்மெம் என்ற அமைப்பை 1 ஆக்கினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, உறைவது நின்றது. 2020-ல் வந்த எம்1 சிப்பில் ஆப்பிள் இந்த வரிசையைக் காக்கும் வசதியை வன்பொருளிலேயே வைத்துவிட்டது. பைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புது முப்பரிமாண கேம்களை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். கட்டளையை எவ்வளவு நன்றாக மாற்றினாலும் பையின் கிராபிக்ஸ் சிப்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.