இரண்டு கல்லூரியிலும் இடம்: எதில் சேர்ப்பது?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தாள். திருநெல்வேலி பேட்டையில் அரசு மகளிர் கல்லூரி, பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி இரண்டிலும் பி.எஸ்சி வேதியியல் கிடைத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் கிடைத்தது சுயநிதிப் பிரிவு. 'பேர் பெத்த காலேஜை விட்டுராதீங்க' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எதில் சேர்க்க?
- ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்தப் பேர் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவு, அதாவது ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் பிரிவு, சம்பாதித்தது. வளாகம் ஒன்றானாலும், மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவுக்கு ஆசிரியர்கள் வேறு, கட்டணம் வேறு; பல இடங்களில் ஷிப்டும் வேறு. பிற்பகல் ஷிப்ட் என்றால் உங்கள் மகள் வீடு திரும்ப இருட்டிவிடும். மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். மூன்று வருடக் கட்டணத்தையும் தேர்வு, ஆய்வகக் கட்டணம் உட்பட எழுதி வாங்குங்கள்.

பட்டம் இரண்டிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடையது. தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியே வகுக்கும், அவ்வளவுதான். எம்.எஸ்சி, பி.எட். தகுதியில் வேற்றுமை இல்லை.

வேதியியலுக்கு ஆய்வகம்தான் உயிர். ஒரு வேலை நாளில் இரண்டு கல்லூரிக்கும் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். டைட்ரேஷனுக்கு (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காணும் சோதனை) ஆளுக்கொரு பியூரெட்டா (அளவுக் குழாய்), நாலு பேருக்கு ஒன்றா? நாலு பேருக்கு ஒன்று என்றால் ஒருத்தி செய்வாள், மற்ற மூன்று பேர் ரீடிங்கைப் பார்த்து எழுதுவார்கள். ஒரே துளியில் நிறம் மாறுகிற இடத்தைப் பிடிக்கக் கை பழக வேண்டும். பழகாதவள் செய்முறைத் தேர்வில் அந்த இடத்தைத் தாண்டிவிடுவாள், அளவு தப்பிவிடும். துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அரசுக் கல்லூரியில் இந்தக் கேள்வி மிக முக்கியம்.

போக்குவரத்தில் பேட்டைதான் வசதி. உங்கள் ஊரில் ரயிலேறினால் பேட்டை ஸ்டேஷனிலேயே இறங்கலாம். பாளையங்கோட்டை என்றால் ஜங்ஷனில் இறங்கி, ஆற்றுப்பாலம் தாண்ட இன்னொரு பஸ். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரிச் சான்று வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கிடைக்கும். அதை ஒரு பக்கத் தராசில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆய்வகம் ஒழுங்காக இருந்தால் அரசுக் கல்லூரியிலேயே சேருங்கள். பாளையங்கோட்டையில் உதவி பெறும் பிரிவின் காத்திருப்புப் பட்டியலில் மகள் பெயர் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பொறியியல் கலந்தாய்வு முடிய முடிய அங்கே இடங்கள் காலியாகும். அது கிடைத்தால் மாறுவது பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிய பிறகு மகனுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. கட்டிய பணம் வருமா?
- வாசகர், நாங்குநேரி

பதில்: எழுதிக் கொடுக்கும் நாளைப் பொறுத்தது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை. அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் வரை பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்திய 15 நாளுக்குள் 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இன்னும் சலுகையான தேதிகளை அறிவிப்பதும் உண்டு.

வாயால் சொன்னால் கணக்கில் வராது. விலகல் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மதிப்பெண் சான்றின் அசலைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. டி.சி.யை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்திலேயே அதையும் கேளுங்கள். அது இல்லாமல் புதுக் கல்லூரியில் சேர்க்கை நிறைவடையாது.