ஒரு வாரம் படகிலேயே தங்கி டைவ் செய்யும் லைவ்அபோர்ட் பயணம், கொடுக்கிற காசுக்குத் தகுமா?

தகும், படகை நடத்துகிறவர்கள் ஒழுங்காக இருந்தால். நீங்கள் ஓபன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் வாங்கி, கொஞ்சம் டைவ் செய்து பார்த்துவிட்டு, இப்போது முன்பணம் கட்டலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் மாலத்தீவுப் பயணம் ஏமாற்றமாகத்தான் முடிந்தது. இதைச் சொன்னதுமே "கடல் என்ன மிருகக்காட்சிசாலையா, மீன் வரவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?" என்று ஒருவர் வந்துவிடுவார். மீன் வராததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. மனிதர்கள் செய்ததையெல்லாம் கடல் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாங்கள் போனது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அந்த மாதங்களில் அங்கே நீரோட்டம் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே போகும். தீவுக்கூட்டத்தைக் கடந்து வெளியேறும் தண்ணீர் மிதவை உயிரிகளை மேற்கு ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதைத் தின்னும் மான்டா திருக்கைகளும் அந்தப் பக்கம்தான் கூடும். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் அப்படியே தலைகீழ், கிழக்கே போய்விடும். அங்கே டைவ் தொழில் செய்கிற எவருக்கும் இது பாலபாடம். எங்கள் படகின் விளம்பரம் முழுக்க மான்டா படம், போகும் பாதையில் ஆரி தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரம் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். ஆனால் படகு மாலேயை விட்டு அதிக தூரம் போகவே இல்லை. கிழக்குப் பக்கக் கால்வாய்களையே மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கேட்டால் "கடல் சரியில்லை, கடக்க முடியாது". அன்று தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது, வேறு படகுகள் எங்கள் கண்ணெதிரே மேற்கே போய்க்கொண்டிருந்தன. டீசலை மிச்சப்படுத்தத்தான் இப்படிச் செய்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் வேறு காரணத்தை யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்தது முதுகில் சுமக்கிற காற்று டேங்க். 12 லிட்டர் அலுமினியம் டேங்கில் காற்றழுத்தம் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டும். எங்களுக்குப் பல முறை 170தான் வந்தது. "30 பார்தானே, பெரிய விஷயமா" என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பார் கையிருப்போடு மேலே வர வேண்டும், அப்படியென்றால் உபயோகிக்கக் கிடைப்பது 150, அதில் 30 போனால் ஐந்தில் ஒரு பங்கு காற்று போயிற்று. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிற ஆளுக்கு அங்கே 60 லிட்டர் செலவாகும். 12 லிட்டர் டேங்கில் 30 பார் என்றால் 360 லிட்டர் காற்று, ஆக ஆறு நிமிடம் காலி. அதற்கு மேல், 18 மீட்டரைத் தாண்டக் கூடாத புதியவர்களையும் வருடக்கணக்கில் டைவ் செய்கிறவர்களையும் ஒரே கைடிடம் ஒப்படைத்துவிட்டார்கள். யாருக்குக் காற்று முதலில் தீர்கிறதோ அவரோடு சேர்ந்து எல்லோரும் மேலே வர வேண்டும். புதியவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, பாவம், அவர்களும் எங்கள் அளவுக்குப் பணம் கட்டித்தான் வந்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு அந்தப் படகில் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாந்தா க்ரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்து 34 பேர் இறந்துபோனார்கள். கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்கூடத் தப்பவில்லை. இரவில் சுற்றிவந்து பார்க்கும் காவல் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்டால் பயந்தாங்கொள்ளி என்கிற மாதிரிப் பார்க்கிறார்கள் என்றால் என்ன சொல்வது?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பெரிய கேமராவோடு வருகிற சிலர் ஒரு படத்துக்காகப் பவளப்பாறை மேல் முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொள்கிறார்கள். உருண்டையாக வளரும் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு ஆள் சாய்ந்து உடைத்ததை அவர் பேரப்பிள்ளை காலத்தில்கூடச் சரியாகப் பார்க்க முடியாது. கைடு பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார், டிப்ஸ் குறைந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். எத்தனை ஆயிரம் லைக் வாங்கினாலும் அந்தப் படங்களை என்னால் ரசிக்க முடியவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர், அனுபவத்தை வைத்துக் குழு பிரிப்பார்களா, பாதை மாறினால் பணத்தில் என்ன திருப்பித் தருவார்கள், இரவுக் காவல் உண்டா. அப்புறம், பல நாள் தொடர்ந்து டைவ் செய்துவிட்டு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், அதனால் கடைசி நாளில் டைவ் அநேகமாக இருக்காது. ஏறுகிற நாளும் அரைகுறைதான். ஏழு நாள் என்று விற்பதை ஐந்தரை நாள் என்றே எண்ணி, அதற்கு அந்த விலை சரியா என்று பாருங்கள்.