தேவசாயல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: தேவன் மனிதனைத் தம்முடைய சாயலில் படைத்தார் என்கிறது பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம். ஆனால் தேவன் ஆவியாயிருக்கிறார் என்கிறது யோவான் 4:24. அப்படியென்றால் நாம் எதில் அவருடைய சாயல்? முகத்திலா, உடலிலா?

பதில்: ஆதியாகமம் உருவ ஒற்றுமையைச் சொல்லவில்லை. பழங்கால எகிப்தில் தெய்வத்தின் சாயல் என்று போற்றப்பட்டவர் பார்வோன். ஆதியாகமம் 1:27 அந்தப் பெருமையை ஆண், பெண் என எல்லா மனிதருக்கும் கொடுத்துவிடுகிறது. அடுத்த வசனம் பூமியை ஆளும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்கிறது. என்னைக் கேட்டால், அந்த அதிகாரத்திலேயே துணிச்சலான வரி அதுதான்.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு மறதி நோய். என்னையே யாரென்று கேட்கிறார். சாயல் என்பது பகுத்தறிவு என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அம்மாவிடம் அது அழிந்துகொண்டிருக்கிறதா?

பதில்: இல்லை, சகோதரி. அறிவோடு சாயலை இணைத்துப் பார்க்கும் வழக்கம் பழையது. பழங்காலச் சபைப் போதகரான அகஸ்டின்கூட நினைவு, அறிவு, சித்தம் ஆகிய மூன்றிலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தின் தடயத்தைத் தேடினார். அதில் ஆழம் உண்டு. ஆனால் அதையே அளவுகோலாக்கினால் பிறந்த குழந்தையும் தேறாது, மயக்கத்தில் கிடப்பவரும் தேறமாட்டார். வசனத்தை மறுபடி வாசியுங்கள். மனிதனிடம் இன்ன திறமை இருந்ததால் அவன் சாயலானான் என்று அங்கே இல்லை. தேவன் அப்படிப் படைத்தார், அவ்வளவுதான். அவர் கொடுத்ததை நோய் பறித்துக்கொள்ள முடியாது. ஏசாயா 49:15 உங்கள் வீட்டுக்கே எழுதியதுபோல இருக்கிறது: தாய் தன் பாலகனை மறந்தாலும், 'நான் உன்னை மறப்பதில்லை' என்கிறார் கர்த்தர். அம்மா உங்களை மறந்திருக்கலாம். அவர் உங்களையும் மறக்கவில்லை, அம்மாவையும் மறக்கவில்லை. அம்மாவுக்குத் தலைவாரி விடும்போதும் சோறூட்டும்போதும் நீங்கள் தேவசாயலுக்குத்தான் பணிவிடை செய்கிறீர்கள்.

கேள்வி: ஆதாமும் ஏவாளும் பாவத்தில் விழுந்தபோது சாயல் போய்விட்டதல்லவா?

பதில்: போய்விடவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பிறகும், மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்பதையே கொலைக்கு எதிரான காரணமாக ஆதியாகமம் 9:6 காட்டுகிறது. யாக்கோபு 3:9 மனிதரைச் சபிப்பதைக் கண்டிப்பதும் அதே காரணத்தால்தான். எவ்வளவு சிதைந்தது என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

கேள்வி: இவ்வளவு பேசும் கிறிஸ்தவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே?

பதில்: வைத்திருந்தார்கள். வேத வசனத்தைக் காட்டியே அதை நியாயப்படுத்தவும் செய்தார்கள். அதை மறைக்கக் கூடாது. அதே வேதத்தை வைத்து எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 4ஆம் நூற்றாண்டிலேயே நிசாவின் ஆயர் கிரகோரி, தேவசாயலுக்கு யார் விலை வைக்க முடியும் என்று பிரசங்கித்தார். 1511இல் கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவில் அந்தோனியோ தெ மொன்டெசினோஸ் என்ற துறவி, அங்கே கொடுமைப்படுத்தப்பட்ட பூர்வகுடிகளைக் குறித்து, 'இவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று ஸ்பானிய எஜமானர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டார். கேட்டவர்கள் மனந்திரும்பவில்லை, கோபப்பட்டார்கள். 1537இல் போப் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பூர்வகுடிகளின் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று ஆணை எழுதினார். கொடுமை அதோடு நிற்கவில்லை.

கேள்வி: என்னை அடித்துத் துன்புறுத்தியவரும் தேவசாயல்தானா? அவரை மன்னித்துத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள்.

பதில்: அவரும்தான். ஆனால் நீங்களும் தேவசாயல் என்பதை உங்களுக்குப் புத்தி சொல்பவர்கள் மறந்துவிட்டார்கள். மன்னிப்பது வேறு, அடிபடத் திரும்பிப் போவது வேறு. சாயலைக் காயப்படுத்துகிறவனிடம் தேவன் கணக்குக் கேட்கிறார் என்பதுதான் ஆதியாகமம் 9ஆம் அதிகாரம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அதற்குக் காதுகொடுக்க வேண்டாம்.